ஐம்பதிலும் வளையும்!

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழியை என் மாமியார் வாயிலிருந்து நான் கேட்காத நாளே கிடையாது. பிள்ளைகள் சாதத்தைச் சிந்தினால், பாடம் ஒப்பிக்காவிட்டால், விளக்கு வைக்கிற நேரத்தில் படுத்துத் தூங்கினால்... எல்லாவற்றுக்கும் அதே பழமொழிதான். நானும் அதை அப்படியே நம்பிக்கொண்டுதான் இருந்தேன். நாள்பட்டுக் காய்ந்த மரம்கூட வளையும், அதற்கென்று ஒரு பக்குவம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது 2023-ஆம் வருஷத்தில்தான். சொல்லிக் கொடுத்தது எங்கள் வீட்டு அடுப்படியில் உருவான ஒன்றரை அடி நீளத் தோணி!

பந்தல்குடிக்கும் தோணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற நாலு வழிச் சாலையில், அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் வருகிற ஊர் எங்களுடையது. சுற்றிலும் மானாவாரிக் காடு, சுண்ணாம்புக்கல் எடுக்கிற குவாரி, கண்ணுக்கு எட்டிய வரை சீமைக் கருவேலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கண்மாயில் தண்ணீர் நிற்கும். பங்குனியில் அதே கண்மாயில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குத்தான் போக வேண்டும்.

அந்தத் தூத்துக்குடியில் என் தாய்மாமா தோணி கட்டுகிற தச்சு வேலை பார்த்தவர். தோணி என்றதும் ஆற்றைக் கடக்கிற சின்னப் படகை நினைத்துவிடாதீர்கள். தூத்துக்குடித் தோணி என்பது மரத்தாலேயே கட்டிய சரக்குக் கப்பல். ஒரு காலத்தில் வெறும் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனவை அவை. பிறகு என்ஜின் பொருத்தி, மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் வெங்காயம், காய்கறி, வீடு கட்டுகிற சாமான் என்று ஏற்றிப் போனார்கள். மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. உளி பிடிக்கிற கை மட்டும் இன்னும் நடுங்கவில்லை.

நான் செய்த தப்பு

2023 மே மாதம், பள்ளிக்கூட லீவு. என் சின்னவனுக்குப் பதினொரு வயது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வேப்ப மரத்திலிருந்து விழுந்துவிட்டான். வலது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவு. நாலு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று எனக்குப் பகீரென்றது. கை நேராக நீளவும் இல்லை, தோளைத் தொடுகிற அளவுக்கு மடங்கவும் இல்லை. பாதியில் அப்படியே நின்றுவிட்டது. சட்டை போட, தலை வார, சோற்றை வாய்க்குக் கொண்டுபோக, எல்லாவற்றுக்கும் இடது கைதான்.

"கட்டுக்குள்ள இருந்த மூட்டு இறுகித்தாம்மா இருக்கும். அவனே கொஞ்சங் கொஞ்சமா அசைக்கட்டும். மாசக்கணக்கு ஆகும், பயப்படாதீங்க" என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, எழுதுகிற கையல்லவா? "எண்ணெய் போட்டு நல்லா நீவி, ஒரு இழு இழுத்தா சரியாப் போகும்" என்று தெருவில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஒரு சாயங்காலம் நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, அத்தையை அவன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மணிக்கட்டைப் பற்றி நான் இழுத்தேன்.

அவன் போட்ட கூச்சல் இன்னமும் என் காதில் இருக்கிறது. விடிந்து பார்த்தால் முழங்கை வீங்கி, முன்பு இருந்த அசைவும் போய்விட்டது.

டாக்டர் என்னைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. முழங்கை மற்ற மூட்டுகளைப் போலில்லையாம். அடிபட்ட முழங்கையை நீவி, இழுத்து, பலவந்தமாக மடக்கினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பித்துவிடுமாம். அப்படி ஆனால் கை நிரந்தரமாக இறுகிப்போகலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் அப்படி எதுவும் இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு முழங்கையில் அடிபட்டுக் கட்டுப் பிரித்திருந்தால், எண்ணெய்க் கிண்ணத்தைத் தயவுசெய்து அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். என்ன பயிற்சி, எவ்வளவு என்பதை டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் சொல்லட்டும்.

வீக்கம் பத்து நாளில் வடிந்துவிட்டது. என் பிள்ளை மட்டும் என்னிடம் வரவில்லை. நான் பக்கத்தில் போனாலே வலது கையை வயிற்றோடு சேர்த்துக்கொள்வான். பயிற்சி செய்யச் சொன்னால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவான். அவன் அப்பா கல் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கிற நேரம் குறைவு. என்ன செய்வேன், சொல்லுங்கள்!

மாமா வந்தார்

விஷயம் கேள்விப்பட்டு, ஆடி மாதத்தில் மாமா ஒரு மஞ்சள் பையோடு வந்து இறங்கினார். வந்தவர் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையிலிருந்து சின்ன உளி, ரம்பம், உப்புத்தாள் எல்லாவற்றையும் எடுத்துத் திண்ணையில் பரப்பிவிட்டு, "ஏலே ராசா, நாம ஒரு தோணி கட்டுவமாடா?" என்றார்.

அவனுக்கு முதலில் வ.உ.சி.யின் கப்பல்தான் வேண்டுமாம். ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தவர் என்று பாடத்தில் படித்திருந்தான். "அந்தக் காலியா, லாவோ எல்லாம் நீராவிக் கப்பல்டா. அதுல நமக்கு வளைக்க ஒண்ணும் இல்லையே" என்று சிரித்துவிட்டு, மாமா ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தோணியை வரைய ஆரம்பித்தார்.

இந்த வேலை கைக்கு ஆகுமா என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டேன். "அவனே ஆசைப்பட்டுச் செய்யிற வேலைதானே, தாராளமா செய்யட்டும். வலிச்சா நிறுத்திடணும், அவ்வளவுதான்" என்றார்.

மரக்கலத்துக்கு அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடுகிற கட்டைக்கு ஏரா என்று பெயர். அதிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்பு போல எழும்புகிறவை வங்கு. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். நிஜத் தோணியில் வங்குகளுக்குப் பெரும்பாலும் இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கட்டைகளைத் தேடிப் பிடிப்பார்களாம். நம் காட்டு நாட்டுக் கருவேலம் அதற்கு அருமையான மரம் என்றார் மாமா. விறகு என்று நாம் அடுப்பில் வைக்கிற கோணல் கட்டைக்குக் கடற்கரையில் என்ன மதிப்பு பாருங்கள்!

எங்கள் தோணிக்கு ஏரா கருவேலம் துண்டில் செதுக்கினார். வங்குக்குப் பதிலாக, உடைந்த படச் சட்டத்தின் பின்பலகையை ஏழு வடிவமாக அறுத்து, ஏராவில் குறுக்கே நிறுத்தி ஒட்டினார். பார்த்தால் மீன் முள் மாதிரி இருந்தது. அந்த முள்ளுக்கு மேலே, ஐந்து மில்லி மீட்டர் அகலமும் ஒன்றரை மில்லி மீட்டர் கனமும் உள்ள மெல்லிய மரச் சிம்புகளை வரிசையாக வளைத்து ஒட்டிக்கொண்டு வர வேண்டும். கடைத்தச்சர்கள் பீடிங் என்பார்களே, அதைவிட மெல்லிசு. தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட தேக்கு, பூவரசுத் துண்டுகளிலிருந்து அறுத்து வாங்கி வந்தோம்.

நடுப்பகுதியில் சிம்பு சுலபமாகப் படிந்தது. அணியத்தின் பக்கம் சட்டென்று வளைகிற இடத்தில்தான் தொல்லை. என் பிள்ளை முதல் சிம்பை இடது கையால் ஓர் அழுத்து அழுத்தினான். 'படக்'கென்று முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. மூன்றாவதை, நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி வாங்கி வளைத்தேன். அதுவும் போயிற்று.

"பலவந்தம் பண்ணா முறியத்தான் செய்யும் தாயி" என்றார் மாமா. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளை நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தான்.

எனக்குத் தெரிந்த வித்தை

அப்போதுதான் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. என் பிறந்த வீடு சாத்தூர்ப் பக்கம். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது தெருவே தீப்பெட்டி ஒட்டும். இப்போது போல அட்டைப் பெட்டி இல்லை; காகிதக் கனத்தில் சீவிய மரச்சில்லை மடித்து, தாள் ஒட்டிப் பெட்டியாக்குவோம். வெயில் நாளில் சில்லு காய்ந்து கிடந்தால் மடிப்பில் ஒடியும். ஈரத் துணியில் சுற்றி வைத்து எடுத்தால் சொன்னபடி கேட்கும். 'ஈரம் வேணும்' என்று எங்கள் அம்மா கத்திக்கொண்டே இருப்பாள்.

"மாமா, தண்ணியில ஊறப் போட்டா?" என்றேன்.

"அது பாதிதான்த்தா. மீதி பாதி சூடு."

நிஜத் தோணிக்குப் பலகை வளைக்கும்போது ஒரு பக்கம் தண்ணீரால் நனைத்துக்கொண்டே மறு பக்கம் தீ காட்டுவார்கள். சூடு ஏற ஏற, கயிறும் கட்டையும் கொடுத்து அங்குலம் அங்குலமாக வங்கோடு சேர்த்து இழுப்பார்கள். அவசரக்காரனுக்கு அந்த வேலை ஆகாதாம்.

காரணம் என்னவென்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மரம் என்பது நீள நீளமான நார்களின் கட்டு. அந்த நார்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கிற பசை போன்ற பொருளுக்கு லிக்னின் என்று பெயர். காய்ந்த மரத்தில் அது கெட்டியாக இருக்கும். ஈரத்தோடு கொதிநீர் அளவுக்குச் சூடு ஏறினால் இளகிவிடும். இளகியிருக்கிற நேரத்தில் நார்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கின்றன. ஆறிக் காய்ந்ததும், புது வடிவத்திலேயே மறுபடி இறுகிக்கொள்கிறது. இட்லி மாவு ஆவியில் இறுகுகிறது, மரம் ஆவியில் இளகுகிறது... வேடிக்கைதான்!

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ஒரு குச்சியை வளைத்தால் உள்பக்கம் நசுங்குகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது அல்லவா? சூடான ஈர மரம் நசுங்குவதற்கு எவ்வளவோ ஒத்துக்கொள்ளும். இழுபடுவதற்கு மட்டும் நூற்றில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் சம்மதிக்காது. அதனால்தான் முறிவு எப்போதும் வெளிப்பக்கத்தில் ஆரம்பிக்கிறது. இதைக் கண்டுகொண்டு பேரும் பணமும் சம்பாதித்தவர் மைக்கேல் தோனெட் என்கிற நாற்காலிக்காரர். கனத்த பீச் மரக் கட்டையை ஆவியில் வேகவைத்து, வெளிப்பக்கம் ஓர் எஃகுப் பட்டையை வைத்துக் கட்டி வளைத்தார். பட்டை இழுவையைத் தான் வாங்கிக்கொள்ளும். மரம் நசுங்கிக் கொடுத்தால் போதும். 1859-இல் அவர் கம்பெனி செய்த 14-ஆம் நம்பர் நாற்காலி ஆறு மரத் துண்டு, பத்து ஸ்குரு, இரண்டு நட்டு, அவ்வளவுதான். பழைய சினிமாக்களில் ஹோட்டல் காட்சி வரும்போது வட்ட முதுகு நாற்காலியைக் கவனித்துப் பாருங்கள், அந்த ஜாதிதான். ஒன்றரை மில்லி மீட்டர் சிம்புக்கு அந்தப் பட்டையெல்லாம் வேண்டியதில்லை. ஈரமும் சூடும் நிதானமும் போதும்.

அடுப்படியே பட்டறை

அன்று முதல் எங்கள் அடுப்படி தோணிப் பட்டறை ஆயிற்று. கனத்த பலகையை ஆவியில் வைப்பதென்றால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்று தச்சர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் சிம்புக்கு அவ்வளவு தேவையில்லை. முதலில் அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறப் போடுவோம். ரொம்பக் காய்ந்த தேக்காக இருந்தால் ராத்திரியே போட்டுவிடுவோம். பிறகு, வளைய வேண்டிய நுனி மட்டும் முங்குகிற மாதிரி, கொதிநீர் ஊற்றிய பழைய பிளாஸ்க்கில் பத்து நிமிஷம் நிறுத்தி வைப்போம். பிளாஸ்க் யோசனை என்னுடையது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்!

இந்த வேலைக்கென்று ஒதுக்கிய பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். மரத்தில் பூச்சி மருந்தோ பெயிண்டோ ஏறியிருக்கலாம். இல்லாவிட்டாலும் மரச்சாறு இறங்கித் தண்ணீர் கஷாயம் மாதிரி ஆகிவிடும். அமோனியா கலந்தால் சீக்கிரம் வளையும் என்று சிலர் சொல்வார்கள். தொழிற்சாலையில் தண்ணீர் கலக்காத அமோனியாவைத் தனி ஏற்பாட்டோடு பயன்படுத்துவது வேறு விஷயம். வீட்டில் கலக்கினால் கண்ணெரிச்சலும் இருமலும்தான் மிச்சம். வெறும் தண்ணீரே போதும்.

வளைப்பதற்கு எங்களுக்குக் கிடைத்த அச்சு என்ன தெரியுமா? எவர்சில்வர் டம்ளர்! அதில் கொதிநீர் ஊற்றினால் வெளிப்பக்கமும் சூடாகிவிடுகிறது. நனைந்த சிம்பை அதன் மேல் வைத்து, துணியால் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். மரம் இடம் கொடுப்பது விரலுக்குத் தெரியும். கொடுக்காமல் விறைத்தால் நிறுத்திவிட்டு மறுபடி பிளாஸ்க்கில் போட்டுவிட வேண்டும். வளைந்ததும் துணி க்ளிப் இரண்டு, ரப்பர் பேண்டு ஒன்று மாட்டி அப்படியே நிழலில் வைத்துவிட வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். மறுநாள் க்ளிப்பை எடுத்தால் சிம்பு கொஞ்சம் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். அதனால் தேவைக்குமேல் ஒரு சுற்று அதிகமாகவே வளைத்து வைக்க வேண்டும்.

சிம்பு பொறுக்குவதிலும் விஷயம் இருக்கிறது. ரேகை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேராக ஓட வேண்டும். நடுவில் ரேகை விளிம்புக்கு ஓடி முடிந்திருந்தால், முறிகிற இடம் அதுதான். கணு இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். தேக்கு எங்களிடம் நிறைய முறிந்தது. பூவரசு பொறுமையாகக் கேட்டது. சிறு பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டுமானால் ஐஸ்கிரீம் குச்சியோ, மருந்து முக்காத தீக்குச்சியோ போதும். நான் தீக்குச்சியில்தான் கை பழகினேன்.

கொதிநீர் புழங்குகிற வேலை என்பதால் ஊற்றுவதும் எடுப்பதும் பெரியவர்கள்தான். ஒரு தடவை என் மணிக்கட்டிலேயே கொட்டிக்கொண்டேன். குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் கையைக் காட்டினேன். பற்பசை, மாவு, மை என்று அத்தை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து நீட்டினார்கள். எதையும் தடவ விடவில்லை. பச்சைத் தண்ணீர்தான் மருந்து. கொப்புளம் பெரிதாக இருந்தால், அல்லது பட்டது குழந்தையாக இருந்தால், உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஒரு ராத்திரியில் எல்லாம் விரிந்தது

இத்தனை தெரிந்துகொண்ட பிறகும் ஒரு பெரிய தப்புப் பண்ணினோம். மாமா ஊருக்குப் போயிருந்தார். ஆவணி மாதம், சனிக்கிழமை. பிள்ளையும் நானும் உற்சாகத்தில் ஒரே நாளில் பன்னிரண்டு சிம்பு வளைத்தோம். அவன் என்னோடு பேசவில்லை. கையை மட்டும் நீட்டுவான், நான் சிம்பை எடுத்துக் கொடுப்பேன். காயும்வரை காத்திருக்காமல் ஈரத்தோடு ஃபெவிகால் தடவி ஒட்டிவிட்டோம். வரிசையெல்லாம் இடைவெளியே இல்லாமல் எவ்வளவு அழகாக இருந்தது என்கிறீர்கள்!

காலையில் பார்த்தால் ஒவ்வொரு சிம்புக்கும் நடுவே நூல் நுழைகிற சந்து. ஈர மரம் பருத்திருக்கும், காய்ந்தால் அகலத்தில் சுருங்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. பந்தல்குடிக் காற்று வேறு, ஈரத்தை உறிஞ்சுவதில் கெட்டிக்காரக் காற்று! போதாததற்கு, பன்னிரண்டையும் ஒரே பக்கத்தில் ஒட்டியதால் ஏராவே ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டியிருக்க வேண்டுமாம்.

அவன் அழுவான் என்று நினைத்தேன். நான்தான் அழுதேன். எல்லாவற்றையும் அவசரப்பட்டுக் கெடுக்கிறவள் நான் என்று எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. "உன் கையை அன்னைக்கு அப்படி இழுத்தேன்லடா... தப்புடா" என்று சொன்னேன். ஒரு மாதத்துக்கு மேல் தொண்டையில் நின்றிருந்த வார்த்தை. அவன் பதில் சொல்லவில்லை. வெந்நீர்த் துணியைச் சிம்பு மேல் போட்டுப் பசையை இளக்கி, ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தான். நாலாவது சிம்பு வரவில்லை. அப்போது, தலையை நிமிர்த்தாமலே, "அம்மா, அந்தப் பக்கம் பிடி" என்றான்.

பிடித்தேன். வேறென்ன சொல்ல!

அதற்குப் பிறகு நாளுக்கு இரண்டே சிம்பு. இன்று வளைத்ததை நாளைக்குத்தான் ஒட்டுவது. அணியத்தின் பக்கம் கப்பல் ஒடுங்குவதால், சிம்பின் நுனியையும் உப்புத்தாளில் தேய்த்து ஒடுக்க வேண்டும். மரத்தூள் மூக்கில் ஏறாமல் இருக்க, வாயையும் மூக்கையும் மூடி, வாசலில் உட்கார்ந்துதான் தேய்ப்போம். தோணி ஒன்றரை அடி நீளம் அல்லவா? அமரத்தின் பக்கம் உட்கார்ந்துகொண்டு அணியத்தை எட்ட வேண்டுமானால் கை நீள வேண்டும். சந்து இருக்கிறதா என்று கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டுமானால் கை மடங்க வேண்டும். அவனே அறியாமல் வலது கை முன்னால் போவதை நான் அடுப்படியிலிருந்து பார்ப்பேன். பார்க்காதது மாதிரி திரும்பிக்கொள்வேன்.

பிசியோதெரபிஸ்ட் கோணமானி வைத்து அளப்பார். ஜூலையில் கை நேராவதற்கு 40 டிகிரி பாக்கி இருந்தது. அக்டோபரில் 20. தோணியால்தான் சரியாயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு முழங்கை பெரும்பாலும் நாளாவட்டத்தில் இளகிவிடும், நாம் கெடுக்காமல் இருந்தால் போதும் என்று டாக்டரே சொன்னார். ஆனால், காத்திருக்கிற அந்த நாட்களில் எங்கள் இருவருக்கும் கையில் ஒரு வேலை இருந்தது.

வேப்ப மரக் கப்பல்

அந்த வேப்ப மரத்தை வெட்டிவிடச் சொல்லி நான் தகராறு செய்துகொண்டிருந்த சமயம், ஒரு செய்தி படித்தேன். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம் தமிழ் ஆட்கள் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று, பெயர் அன்னபூரணி அம்மாள். சுமார் 89 அடி நீளம், வேப்ப மரத்தில் கட்டியது. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதைப் பார்த்து மயங்கி, விலைக்கு வாங்கி, தன் மனைவி பெயரை வைத்தார். தமிழ் மாலுமிகளே அதைச் செலுத்திக்கொண்டு கடல்களைத் தாண்டி, 1938-இல் அமெரிக்காவின் க்ளௌசெஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்களாம்! நம் கொல்லைப்புற வேம்பு அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டியிருக்கிறது. இதை வாசித்துக் காட்டியதும் பிள்ளை வெளியே போய் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். மரம் இன்னும் நிற்கிறது.

கார்த்திகை முடிவதற்குள் தோணி முடிந்துவிட்டது. வார்னிஷ் இரண்டு கை அடித்தோம். பழைய வேட்டியைக் கிழித்துப் பாய் தைத்தது அத்தை. மாமா வந்து பார்த்த பிறகுதான் தண்ணீரில் விடுவது என்று பிள்ளை பிடிவாதமாக இருந்தான்.

மாமா வர முடியவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். தூத்துக்குடியே வெள்ளத்தில் நின்றது. மாமாவுக்கு மூன்று நாள் போன் போகவில்லை. பிறகு என் வீட்டுக்காரர் போய், இடுப்பளவு தண்ணீர் நின்ற வீட்டிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதே மஞ்சள் பை, உள்ளே அதே உளி.

மார்கழியில் எங்கள் கண்மாயிலும் தண்ணீர் தளும்பியது. நாலு பேரும் போனோம். தோணியை விட்டதும் வலது பக்கம் சாய்ந்தது. "அடியில பாரம் வேணும்டா" என்று மாமா குவாரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சில்லுகளைப் பொறுக்கி உள்ளே அடுக்கினார். நிமிர்ந்தது. காற்று பிடித்து, தானாகவே நகர ஆரம்பித்தது. பிள்ளை முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, அமரத்தைப் பிடிக்க வலது கையை நீட்டினான். பிசியோதெரபிஸ்ட்டின் கணக்குப்படி இன்னும் 10 டிகிரி பாக்கி.

"அம்மா, தண்ணி உள்ள வருது!" என்று கத்தினான்.

எங்கே என்று பார்த்தால், அணியத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது சிம்பு. நான் வளைத்து ஒட்டியது.